கொடியில் தொங்கிய நாட்காட்டி

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வலது கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. எழுதப் படிக்க நேற்றுதான் அனுமதி கிடைத்தது. இடது கண்ணுக்கு எல்லாம் பழுப்பு, வலதுக்கு எல்லாம் புதுசு. மாற்றி மாற்றி மூடிப் பார்க்கிறேன், பேத்தி சிரிக்கிறாள்.

அவள்தான் கம்ப்யூட்டரில் பழைய ஜப்பானிய மரப்பலகை அச்சுப் படங்களைக் காட்டினாள். ஹொகுசாய் என்ற ஓவியரின் பேரலைப் படம் நமக்குத் தெரியும். அதற்கு அறுபது வருஷம் முந்திய ஓவியர் சுஸுகி ஹருநொபு; எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில் வாழ்ந்து 1770இல் போய்ச் சேர்ந்தவர்.

ஒரு படத்தை விட்டு நகர முடியவில்லை. திடீர் மழை. கொடியில் காயும் துணியை எடுக்க ஒரு பெண் ஓடுகிறாள். ஒரு கால் மரச்செருப்பு கழன்றுவிட்டது. அவ்வளவுதானே என்று நினைத்தேன். பேத்தி கொடித்துணியைப் பெரிதாக்கினாள். பூவேலை என்று நான் நினைத்ததெல்லாம் எழுத்து! 1765இல் எந்தெந்த மாதத்துக்கு 30 நாள் என்று அதில் இருக்கிறது. அங்கே அப்போது சந்திர மாதம். சிலதுக்கு 30, சிலதுக்கு 29, வருஷா வருஷம் மாறும். மாதக் கடைசியில் கடன் தீர்க்கிறவனுக்கு அது தெரிந்தாக வேண்டும். ஆனால் நாட்காட்டி அச்சிட அனுமதி சிலருக்கே. அதனால் வசதியுள்ள கவிதைப் பிரியர்கள் இப்படி ஒளித்த படங்களைச் செய்வித்துத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். செலவு பார்க்காத அந்தப் போட்டியில்தான், நிறத்துக்கொரு பலகை செதுக்கி அச்சிடும் பலவண்ண முறையே அங்கு நிலைத்தது.

இன்னொன்று, எட்டுப் படத் தொகுதி. சீனத்து ஆற்றங்கரைக் காட்சிகள் எட்டை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார் மனுஷன். தாங்கியில் நிற்கும் வட்டக் கண்ணாடிதான் இலையுதிர்கால நிலவு. கோட்டோ என்ற தந்தி வாத்தியத்தில் தந்திகளைத் தாங்கி வரிசையாக நிற்கும் குதிரைக் கட்டைகள், தரையிறங்கும் வாத்துக்கூட்டம். கொதிக்கும் கெண்டியின் சத்தம் இரவு மழை. பஞ்சு போர்த்திய மரத்தொட்டி மாலைப் பனிமலை. வானத்தைத் தேடி எங்கும் போகவில்லை, பார்.

ஒரு வருத்தம். அந்தக் காலத்து நீலம் ஒரு காட்டுப்பூவின் சாறு. வெளிச்சம் பட்டால் வெளிறிவிடும். பல படங்களில் வானமும் தண்ணீரும் இப்போது மங்கிய மஞ்சள்தான். எனக்கோ இத்தனை நாள் கழித்து நீலம் தெரிகிறது, பார்க்க அவரிடம் நீலம் இல்லை!

இடது கண் அடுத்த மாதம். அதற்குள் ஒரு நடை வந்து போயேன். தங்கச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
ராமு