பழுப்புக் கற்களைக் கழித்துவிடாதீர்கள்

அருங்காட்சியகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் கனிமச் சேகரிப்புகளைக் காத்துவருவோருக்கு,

வணக்கம். இடநெருக்கடி என்று ஒரு கல்லூரியில் மரப்பெட்டி நிறைய ஸ்பேலரைட் என்னும் பழுப்பு நிறத் துத்தநாகத் தாதுக் கட்டிகளைக் குப்பைக்கு ஒதுக்கியிருந்தார்கள். சீட்டுகள் எப்போதோ உதிர்ந்துவிட்டன. எந்தச் சுரங்கத்துக் கல் என்று சொல்ல ஆளில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்பேலரைட் வெறும் துத்தநாக சல்பைடு அன்று. ஜெர்மனியின் ஃபிரைபெர்க் சுரங்கங்களில் கிடைத்த துத்தநாகத் தாதுவில் 1863இல் தாலியம் என்ற உலோகத்தைத் தேடினார் வேதியியலாளர் ஃபெர்டினாண்ட் ரைக். அவருக்கு நிறக்குருடு, ஆகவே ஒளியை நிறக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியைத் தன் உதவியாளர் தியோடர் ரிக்டரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ரிக்டர் கண்டது, அதுவரை எவரும் அறியாத அவுரி நீலக் கோடு. அந்த நிறத்தால் புதிய உலோகம் இண்டியம் என்று பெயர் பெற்றது. அவுரிச் சாயத்தின் லத்தீன் பெயரே இந்தியாவைக் குறிப்பதால், நம் மண்ணின் பெயரும் அதில் ஒட்டியிருக்கிறது. இன்று தொடுதிரைகளில் இருப்பது அதே இண்டியம். அதற்கெனத் தனிச் சுரங்கம் கிடையாது. பெரும்பகுதி துத்தநாகத்தைப் பிரிக்கும்போது துணைப்பொருளாகவே கிடைக்கிறது. காலியம் என்ற உலோகமும் 1875இல், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலுள்ள பிரெனீஸ் மலையின் ஸ்பேலரைட்டில்தான் கண்டறியப்பட்டது.

பாறைப் பிளவுகளில் ஏறிய வெந்நீர் தாதுவைப் படியவிட்டபோது, இரும்பும் காட்மியமும் துத்தநாகத்தின் இடத்தில் நேரடியாக அமர்ந்தன. மூன்று மின்னேற்றம் கொண்ட இண்டியம் தனியாக அமர முடியாது. ஒற்றை மின்னேற்றமுள்ள செம்பைத் துணைக்கழைத்துக்கொண்டு இரண்டு துத்தநாக இடங்களைப் பிடிக்கிறது. பொதுவாக, சூடான நீரில் விளைந்த ஸ்பேலரைட்டில் இண்டியம் கூடுகிறது. குளிர்ந்ததில் ஜெர்மானியமும் காலியமும் கூடுகின்றன. ஒரே படிகத்தின் அடுக்குகளில்கூட இந்த அளவு மாறும். ஆகவே எந்த நாளம் (தாது படிந்த பாறைப் பிளவு), எவ்வளவு ஆழம் என்று தெரியாத கல்லில் பாதிக் கதை போய்விடுகிறது.

ஃபிரைபெர்க்கில் தாது வெட்டுவது 1969இல் நின்றுவிட்டது. அங்கு எடுத்து முடித்த நாளங்களின் கற்கள் இனி அலமாரிகளில் மட்டுமே உண்டு. இப்போது லேசர் கொண்டு, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் சிறு குழியிலிருந்தே இந்த உலோகங்களை அளக்க முடிகிறது. கல் சிதையாது.

எனவே கேட்கிறேன்: கழிக்கத்தான் வேண்டுமென்றால், ஒவ்வொரு நாளத்திலிருந்தும் கட்டைவிரல் அளவுத் துண்டு ஒன்றையாவது வைத்துக்கொள்ளுங்கள். பழைய சீட்டை அதோடு சேர்த்துக் கட்டுங்கள். எழுத்து மங்கியிருந்தால், அது முழுவதும் அழிவதற்குள் படமெடுத்துப் பதிவேட்டில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு நிலவியல் மாணவர்