மாமா, மெக்டேனியல்ஸ் திரும்பி வரட்டும்

ஜனவரி 19, 2025

அன்புள்ள மாமாவுக்கு,

முன்பு நம் பேட்ரியட்ஸ் அணியின் அஃபென்சிவ் கோஆர்டினேட்டராக இருந்த ஜோஷ் மெக்டேனியல்ஸ் அதே வேலைக்குத் திரும்பக்கூடும் என்ற பேச்சைக் கேட்டு, போன வாரம் ஃபோனில் உங்களுக்கு வந்த கோபம் இன்னும் என் காதில் இருக்கிறது. “ரெண்டு ஊர்ல துரத்திவிட்ட ஆளு. அவனையா மறுபடியும் கூப்பிடுறாங்க?” என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சாப்பிடக் கூப்பிட, பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. அன்று சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன். இங்கே பேட்ரியட்ஸ் அணியை விடாமல் பார்க்கும் தமிழ் நண்பர்கள் பலரும் நீங்கள் கேட்டதையேதான் கேட்கிறார்கள். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காக இரண்டு வரி. அமெரிக்க ஃபுட்பாலில் பந்து நம் அணியிடம் இருக்கும்போது ஆடுவது அஃபென்ஸ், எதிராளியிடம் இருக்கும்போது தடுப்பது டிஃபென்ஸ். அஃபென்ஸில் அடுத்து எந்த ‘பிளே’ ஆடுவது என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் அஃபென்சிவ் கோஆர்டினேட்டர்தான். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரர் குவாட்டர்பேக். அவர் ஹெல்மெட்டுக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். அதில்தான் பிளேயின் பெயர் போகும். 40 நொடி ஓடும் கடிகாரம் 15-ஐத் தொட்டதும் அந்த இணைப்பு அறுந்துவிடும். ஹெட் கோச்சின் வேலை வேறு. அணி முழுக்க அவர் தலையில்.

மெக்டேனியல்ஸ் விஷயத்தில் நாம் குழப்பிக்கொள்வது இந்த இடத்தில்தான் மாமா. டென்வரும் லாஸ் வேகஸும் அவரை நீக்கியது ஹெட் கோச் வேலையிலிருந்து. இப்போது பேசப்படுவது கோஆர்டினேட்டர் வேலை.

அவர் பெயரை எனக்கு முதலில் சொன்னது நீங்கள்தான், நினைவிருக்கிறதா? 2015 ஜனவரி, ரேவன்ஸுடன் ஆட்டம். நான் படிக்க வந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. வெளியே பனி. நீங்கள் காபி டேபிளில் ஐந்து முறுக்கை வரிசையாக அடுக்கி, “இதுதான் லைன். இவங்களுக்குப் பின்னாடி நிக்கிறவன் பிரேடி” என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். நம் அணி 14 புள்ளி பின்னால் போய், அதில் பாதியை மீட்டிருந்த நேரம். நம் குவாட்டர்பேக் பிரேடி பந்தைப் பக்கவாட்டில் எடல்மனிடம் எறிந்தார். எல்லோரும் எடல்மனை நோக்கி ஓடினார்கள். அவர் நின்று, நிமிர்ந்து, தானே குவாட்டர்பேக் மாதிரி பந்தை வீச, 51 யார்டு தாண்டி அமெண்டோலா அதைப் பிடித்துக் கோட்டுக்குள் புகுந்தார், டச்டவுன். 28-28. நீங்கள் எழுந்து நின்றதில் ஒரு முறுக்கு கீழே விழுந்து உடைந்தது. “எடல்மன் காலேஜ்ல குவாட்டர்பேக்! அதை ஞாபகம் வெச்சு இந்த நேரத்துக்குன்னு எடுத்து வெச்சிருந்தான் பாரு மெக்டேனியல்ஸ்!” என்றீர்கள். எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் பித்துப் பிடித்தது அந்த நிமிடத்தில்தான்.

டென்வரில் என்ன நடந்தது? 2009-இல் 32 வயதில் போனார். வந்த வேகத்தில் குவாட்டர்பேக் ஜே கட்லரோடு மனக்கசப்பு. கட்லரை சிகாகோவுக்கு மாற்றினார்கள். முதல் ஆறு ஆட்டமும் வெற்றி, கடைசியில் 8-8, அதாவது எட்டு வெற்றி, எட்டுத் தோல்வி. மறு வருடம் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் குவாட்டர்பேக் டிம் டீபோவை முதல் சுற்றில் எடுத்தார். லண்டனில் 49ers அணியின் பயிற்சியை டென்வரின் வீடியோ ஆள் படம் எடுத்த விவகாரத்தை மேலே தெரிவிக்காமல் விட்டதற்கு அபராதம் வேறு. டிசம்பரில் வேலை போயிற்று. லாஸ் வேகஸ் ரெய்டர்ஸில் இன்னும் மோசம்: 2022-இல் 6-11, அடுத்த வருடம் எட்டு ஆட்டத்தில் மூன்றே வெற்றி, அக்டோபர் கடைசி இரவில் அனுப்பிவிட்டார்கள். அரிசோனாவோடு பாதி ஆட்டத்தில் 20-0 என்று முன்னால் நின்று தோற்ற ஆட்டத்தை உங்கள் வீட்டில்தான் பார்த்தோம்.

இதில் எதையும் நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் என்ன மாதிரித் தவறு என்று பாருங்கள். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது, வீரர்களோடு எப்படிப் பழகுவது, முன்னால் இருக்கும்போது அணியை எப்படி நிதானமாக வைத்திருப்பது. பெரும்பாலும் வீட்டுத் தலைவர் வேலை. அதே 2022-இல் ரெய்டர்ஸின் ஜோஷ் ஜேகப்ஸ் 1,653 யார்டு ஓடி, லீக்கிலேயே அதிகம் ஓடியவர் ஆனார். பந்தை நகர்த்தத் தெரியாத மனிதரிடம் அது நடக்காது.

இதற்கு நேர்மாறான பாடம் நம் அணியிலேயே இருக்கிறது. மெக்டேனியல்ஸ் ரெய்டர்ஸுக்குப் போன பிறகு நம் அப்போதைய ஹெட் கோச் பெலிச்சிக் என்ன செய்தார்? டெட்ராய்ட்டில் நீக்கப்பட்ட மேட் பட்ரீஷியாவிடமும், நியூயார்க் ஜயன்ட்ஸில் நீக்கப்பட்ட ஜோ ஜட்ஜிடமும் அஃபென்ஸை ஒப்படைத்தார். பட்ரீஷியா பெயர் எடுத்தது டிஃபென்ஸில். ஜட்ஜ், பந்தை உதைக்கும் நேரத்தில் இறங்கும் ஸ்பெஷல் டீம்ஸ் ஆள். முந்தைய வருடம் நன்றாக ஆடிய நம் குவாட்டர்பேக் மாக் ஜோன்ஸ் அந்த வருடம் தடுமாறியதை நாம் வாராவாரம் பார்த்தோம். ‘வேலை போனவங்களைக் கூட்டிட்டு வந்தா இப்படித்தான்’ என்று அப்போது சொன்னீர்கள். எனக்கு அன்றும் வேறு மாதிரித்தான் பட்டது: அவர்கள் இருவரும் செய்து பழகாத வேலை அது. தச்சரைக் கூப்பிட்டு ஒயரிங் செய்யச் சொன்ன கதை.

அடுத்து நீங்கள் சொன்னது, பிரேடி இல்லாவிட்டால் இவர் ஒன்றுமில்லை என்பது. 2008-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்திலேயே பிரேடியின் முழங்கால் போயிற்று. பதிலுக்கு வந்த மேட் காஸல் கல்லூரியில் ஓர் ஆட்டம்கூடத் தொடக்கக் குவாட்டர்பேக்காக ஆடாதவர். அந்த அணி 11-5. 2016-இல் பிரேடிக்கு நான்கு ஆட்டத் தடை. இரண்டாவது ஆட்டத்தில் பதிலுக்கு ஆடிய கராப்பலோவுக்கும் தோளில் அடிபட்டது. நான்கே நாள் கழித்து, முதல் வருடப் பையன் ஜகோபி பிரிசெட்டை வைத்து ஹூஸ்டனை 27-0 என்று அடித்தார்கள். 2021-இல் மாக் ஜோன்ஸ் என்ற புதுப் பையனோடு 10-7, பிளேஆஃப். பிரேடி இருந்ததால் எல்லாம் சுலபமாயிற்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரேடி இல்லாத நாட்களிலும் கையில் இருப்பதை வைத்துச் சமைத்திருக்கிறார்.

அவர் சமையலின் உச்சம் எனக்கு 53-ஆவது சூப்பர் பௌல், அந்த சீசனின் இறுதி ஆட்டம்தான். 2019 பிப்ரவரி, அட்லான்டா. நான்காம் கால் பகுதி வந்தும் 3-3. ‘போர் அடிக்குது’ என்று அத்தை எழுந்து போய்விட்டார். அப்போது மெக்டேனியல்ஸ் கனத்த ஆட்களை உள்ளே அனுப்பினார்: இரண்டு டைட் எண்ட், ஒரு ஃபுல்பேக், ஒரு ரன்னிங் பேக். பார்த்தால் யாருக்கும் ஓடப்போகிறார்கள் என்றுதான் தோன்றும். எதிரணி ராம்ஸும் அதற்கேற்ற கனத்த ஆட்களை இறக்கினார்கள். உடனே நம்மவர்கள் அத்தனை பேரும் களத்தின் அகலம் முழுக்கப் பரவி நின்றார்கள். ஓட்டத்தைத் தடுக்க வந்த குண்டு ஆட்கள் இப்போது பாஸைத் துரத்த வேண்டும். ஒரே பிளேயைத் தொடர்ந்து மூன்று முறை ஆடினார்கள். ராம்ஸ் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள், பதில் இல்லை. மூன்றாவது முறை கிரான்கவ்ஸ்கி கையை நீட்டி விழுந்து பிடித்த 29 யார்டு, கோட்டுக்கு இரண்டு யார்டு முன்னால். அடுத்து சோனி மிஷெல் உள்ளே புகுந்தார். அந்த ஆட்டம் முழுக்க விழுந்த ஒரே டச்டவுன் அது. ஐந்து பிளே, 69 யார்டு.

சரி மாமா, என் பயத்தையும் சொல்கிறேன். நீங்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதுதான் என்னைத் தூங்கவிடாதது. 2011, செயின்ட் லூயிஸ் ராம்ஸ். அங்கே அவர் ஹெட் கோச் இல்லை, கோஆர்டினேட்டர்தான். கையில் குவாட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்ட், முந்தைய வருடத்தின் சிறந்த புதுமுக அஃபென்ஸ் வீரர், இரண்டாம் வருடத்தில் கால் வைக்கும் பையன். அந்த அணி 16 ஆட்டத்தில் எடுத்தது 193 புள்ளி. லீக்கிலேயே குறைவு. பிராட்ஃபோர்டுக்கும் அடிபட்டது.

நம் இளம் குவாட்டர்பேக் ட்ரேக் மே இப்போது சரியாக அந்த இடத்தில் நிற்கிறார், இரண்டாம் வருடத்தின் வாசலில்.

அந்த 2011-இல் லாக்அவுட், அணி முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் ஒப்பந்தத் தகராறு. மார்ச்சிலிருந்து ஜூலை வரை கோச்சுகள் வீரர்களோடு பேசவே கூடாது. இந்த அஃபென்ஸோ கற்றுக்கொள்ளக் கடினமானது. பந்தைப் பிடிக்கப் போகும் ரிசீவர் ஓடும்போதே எதிராளி எப்படி நிற்கிறான் என்று பார்த்து வலப்பக்கமா இடப்பக்கமா என்று முடிவெடுக்க வேண்டும். பந்தை எறிபவரும் அதே நொடியில் அதையே பார்த்திருக்க வேண்டும். பிரேடிக்கும் எடல்மனுக்கும் வருடக்கணக்கில் படிந்த பழக்கம் அது. நாலு மாதம் வாயே திறக்காத ஒரு கோடைக்காலத்தில் படியாது. மேவுக்கு இந்த வசந்தமும் கோடையும் முழுசாகக் கிடைக்கும். அது ஓர் ஆறுதல். ஆனாலும் பழைய பிளே புத்தகத்தை அப்படியே அவர் கையில் திணித்தால் 2011 திரும்பும் என்றுதான் எனக்குப் படுகிறது.

நவம்பரில் டென்னஸியோடு நடந்த ஆட்டத்தின் கடைசி பிளேயை யோசித்துப் பாருங்கள். நேரம் முடிந்துவிட்டது, மே ஓடுகிறார், பின்னால் போகிறார், இன்னொரு பக்கம் திரும்புகிறார், கிட்டத்தட்ட 12 நொடி. எந்தப் புத்தகத்திலும் எழுதாத பிளே. கடைசியில் ஸ்டீவன்சன் கையில் பந்து, டச்டவுன். ஆட்டம் ஓவர்டைமில் தோற்றது வேறு விஷயம். அந்தக் கால்களைப் பிரேடி மாதிரி ஒரே இடத்தில் நிற்கச் சொல்லக் கூடாது. மெக்டேனியல்ஸைப் பேச அழைத்திருந்தால், நம் புது ஹெட் கோச் வ்ரேபல் அவரை அந்த 12 நொடியைப் பார்க்க வைத்து, ‘இவனுக்காக உன் புத்தகத்தில் எதையெல்லாம் கிழிப்பாய்?’ என்று கேட்க வேண்டும். 2020-இல் குவாட்டர்பேக் கேம் நியூட்டன் வந்தபோது அவர் ஓட்டத்துக்காகவே பிளேக்களை எழுதியவர்தான் இவர். அதனால் பதில் இருக்கும் என்று நம்புகிறேன்.

இன்னொன்று. வ்ரேபல் வந்ததும் எனக்கு ஃபோன் செய்து ‘நம்ம பையன் வந்துட்டான்’ என்று சந்தோஷப்பட்டீர்கள். அவரையும் டென்னஸி டைட்டன்ஸ் போன ஜனவரியில் நீக்கியதுதானே? அவர் டிஃபென்ஸ் ஆள். அஃபென்ஸை முழுதாக நம்பி ஒப்படைக்க ஆள் வேண்டும். டென்னஸியில் அவரிடம் கோஆர்டினேட்டராக இருந்த மேட் லஃப்ளோர் ஒரே வருடத்தில் பாக்கர்ஸுக்கு ஹெட் கோச்சாகப் போய்விட்டார். அடுத்து ஆர்தர் ஸ்மித் இரண்டு வருடத்தில் அட்லான்டாவுக்கு. நன்றாகச் செய்யும் இளைஞரைக் கொண்டுவந்தால் மற்ற அணிகள் தூக்கிக்கொண்டு போகும். மே ஒவ்வொரு வருடமும் புது மொழி படிக்க வேண்டியிருக்கும். மாக் ஜோன்ஸுக்கு மூன்று வருடத்தில் மூன்று ஆசிரியர்கள், அது எங்கே போய் முடிந்தது என்று பார்த்தோம். இரண்டு முறை தலைமை வேலையில் தோற்றவரை உடனே யாரும் கூப்பிட மாட்டார்கள். மேவுக்கு அது நல்லது.

இண்டியானாபொலிஸ் விஷயத்தில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. 2018-இல் அங்கே ஹெட் கோச் வேலையை ஒப்புக்கொண்டு, அவரை நம்பி உதவியாளர்கள் சேர்ந்த பிறகு பின்வாங்கியது தப்பு. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

என் மனதை உறுத்தும் வேறொன்றையும் எழுதிவிடுகிறேன். பைரன் லெஃப்ட்விச் டம்பா பே அணியின் கோஆர்டினேட்டராக சூப்பர் பௌல் வென்றவர். 2023 ஜனவரியில் நீக்கினார்கள். இரண்டு சீசனாக இந்த லீக்கில் வேலை இல்லை. இந்த மாதம் நம் அணி ஹெட் கோச் வேலைக்கு அவரையும் பெப் ஹாமில்டனையும் அழைத்துப் பேசியது. வ்ரேபலை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு, கறுப்பினத்தவர் போன்ற சிறுபான்மையினரை நேர்காணல் செய்ய வேண்டும் என்ற ரூனி விதிக்காகச் செய்த சடங்கு என்று பலர் எழுதினார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. முந்தைய ஹெட் கோச் ஜெராட் மேயோவை ஒரே வருடத்தில் அனுப்பிய அணி இது. மெக்டேனியல்ஸுக்கு மூன்றாவது கதவு திறக்கிறது, லெஃப்ட்விச்சுக்கு இரண்டாவதுகூடத் திறக்கவில்லை. மெக்டேனியல்ஸ் வர வேண்டும் என்று சொல்லும் நான் இதை மறைத்தால் பொய் சொன்ன மாதிரி ஆகும். குவாட்டர்பேக் கோச் முதல் ரிசீவர் கோச் வரை இன்னும் எத்தனையோ இடம் நிரப்ப வேண்டியிருக்கிறது. வ்ரேபல் அங்கே கல்லூரித் தோழர்களையும் பழைய சகாக்களையும் மட்டுமே நிரப்பாமல் இருக்க வேண்டும்.

நேற்று இரவு வாஷிங்டன் ஆட்டம் பார்த்தீர்களா? டெட்ராய்ட்டை அவர்கள் ஊரிலேயே 45-31. அந்த அஃபென்ஸை நடத்தும் கிளிஃப் கிங்ஸ்பரியை அரிசோனா ஹெட் கோச் வேலையிலிருந்து நீக்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. ஒரு வருடம் யூஎஸ்சி கல்லூரியில் இருந்துவிட்டு வந்தார். அவர்கள் குவாட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸுக்கு முதல் வருடம்! அவர் சுலபமாகச் செய்யக்கூடியதை முதலில் கொடுத்து, கால்களை ஓட விட்டு, சீசன் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருக்கிறார்கள். மேவுக்கு நான் கேட்பதும் இதேதான்.

அடுத்த ஞாயிறு வாஷிங்டன் மறுபடி ஆடும். மதியமே உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். கிங்ஸ்பரி கூப்பிடும் பிளேக்களை ஒவ்வொன்றாகச் சேர்ந்து பார்ப்போம், அதற்குப் பிறகும் உங்களுக்குக் கோபம் இருந்தால் நேரில் திட்டுங்கள். அத்தையிடம் முறுக்கு மட்டும் சொல்லி வையுங்கள், லைனுக்கு ஐந்து வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்