நான் கொடுத்த ஐந்து ஸ்டாரும் நீங்கள் அனுப்பிய பதிலும்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைவர் மற்றும் தலைமைத் தோல் மருத்துவர்

பொருள்: மங்குக்கு (முகத்தில் படரும் கருமைத் திட்டுகளுக்கு) செய்த லேசர் சிகிச்சையால் முகத்தில் ஏற்பட்ட பாதிப்பு, அதுபற்றிய முதல் புகாருக்கு வந்த பதிலை ஏற்க இயலாமை

ஐயா / அம்மா,

வணக்கம். என் முதல் புகாருக்கு உங்கள் அலுவலகம் அனுப்பிய மின்னஞ்சலைப் படித்தேன். மிகப் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் உங்கள் சிகிச்சையில் முழுத் திருப்தி அடைந்திருக்கிறார்களாம். நானும் ஒவ்வொரு முறையும் ஐந்து ஸ்டார் கொடுத்திருக்கிறேனாம். இன்னும் சில சிட்டிங் தொடர்ந்தால் நல்ல பலன் கிடைக்குமாம். என் இரண்டு கன்னங்களிலும் ஏறியிருக்கும் கருமையைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஐந்து ஸ்டார் கொடுத்தது உண்மைதான். அதை எப்போது, எதற்குக் கொடுத்தேன் என்று பாருங்கள். லேசர் அறையை விட்டு வெளியே வந்ததும், முகத்தில் தடவிய ஜெல் காய்வதற்குள், வரவேற்பு மேசையில் ஒரு டேப்லெட்டை நீட்டுவார்கள். ஊழியர்கள் கனிவாக நடந்துகொண்டார்களா, அதிக நேரம் காக்க வைத்தார்களா, அறை சுத்தமாக இருந்ததா, நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா என்று கேள்விகள் வரும். எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. உங்கள் ஊழியர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு வருத்தமும் கிடையாது. டேப்லெட்டை நீட்டிய பெண் எதிரிலேயே சிரித்துக்கொண்டு நிற்கும்போது யாருக்குத்தான் ஸ்டாரைக் குறைக்க மனம் வரும்? போதாக்குறைக்கு, ரேட்டிங் கொடுத்தால் அடுத்த சிட்டிங்கில் தள்ளுபடி வேறு. ஆனால் மங்கு குறைந்திருக்கிறதா என்று அந்தத் திரையில் ஒரு கேள்விகூட வந்ததில்லை.

வந்திருந்தாலும் அந்த நேரத்தில் என்னிடம் பதில் இருந்திருக்காது. லேசர் பட்டதும் தோல் லேசாகச் சிவந்து வீங்கும். அந்த வீக்கத்தில் முகம் கொஞ்சம் பளபளப்பாகக்கூடத் தெரியும். தோலுக்குள் சூடு ஏறி அழற்சி உண்டாகி, அதன் விளைவாக நிறமி கூடுதலாகச் சுரந்தால், அந்தக் கருமை வெளியே தெரியச் சில நாட்கள், சில வாரங்கள்கூட ஆகும். வந்துவிட்டால் மறைய மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும். இதெல்லாம் உங்கள் மருத்துவர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. நான் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். பொருள் வாசலைத் தாண்டும்போது பெட்டி அழகாக இருந்தது என்று எழுதிவைத்து அதையே தரச்சான்றாகக் காட்டினால், எங்கள் மேலாளர் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

இனி முதல் நாள் ஆலோசனைக்கு வருகிறேன். என்னிடம் பேசியவர் மருத்துவர் இல்லை, கவுன்சலர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டவர். லேசர் கருமையை மட்டும் தேடிப் போய் உடைக்கும், சுற்றியுள்ள தோலைத் தொடாது என்றார். 1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விளக்கிய தத்துவம் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். தத்துவத்தில் தவறில்லை. ஆனால் மாநிறத் தோலில் மங்கு இருக்கும் இடத்தில் மட்டுமா நிறமி இருக்கிறது? சுற்றியுள்ள நல்ல தோலிலும்தான் இருக்கிறது; அதுவும் ஒளியை உறிஞ்சும். இதைவிட முக்கியமான ஒன்று, மங்கு என்பது எங்கோ தேங்கி நிற்கும் கறை அல்ல. நிறமி சுரக்கும் செல்கள் அங்கே அளவுக்கு மீறி வேலை செய்கின்றன. இருக்கிற நிறமியை உடைத்தாலும் அவை சுரப்பதை நிறுத்தப் போவதில்லை. கர்ப்பம், ஹார்மோன் மாத்திரை, வெயில் என்று தூண்டுகிற காரணம் தொடர்ந்தால் மங்கும் திரும்ப வரும். மங்கு இருப்பவர்களுக்குச் சன்ஸ்கிரீனும் பூசும் மருந்துகளும்தான் முதலில். லேசர் அதற்கெல்லாம் அப்புறம், அதுவும் மிகுந்த கவனத்தோடு. என் விஷயத்தில் லேசர்தான் முதலில் வந்தது, பேக்கேஜாக.

அன்றைக்கு நிரப்பிய படிவத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பிறந்தநாளும் திருமண நாளும் கேட்டிருக்கிறீர்கள், வாழ்த்தும் சலுகையும் அனுப்ப. ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறேனா என்று கேட்க அதில் இடமே இல்லை. தோல் வகை என்ற கட்டத்தில் உங்கள் ஊழியர் "எண்ணெய்ப் பசை" என்று எழுதியிருக்கிறார். லேசருக்கு முன் பார்க்க வேண்டிய தோல் வகை அது அல்ல. வெயிலில் தோல் எவ்வளவு சிவக்கிறது, எவ்வளவு கறுக்கிறது என்பதை வைத்து 1975-இல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் மருத்துவர் கொண்டுவந்த வகைப்பாடு இருக்கிறது. இன்று அதில் 6 வகைகள்; எண் கூடக் கூடத் தோலின் நிறமும் கருமையாகும். 4, 5, 6 வகைத் தோலுக்கு லேசருக்குப் பின் கருமை வரும் ஆபத்து அதிகம். நான் 5. இதைக் குறிக்காமல் கருவியின் அளவை எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. காதோரம் சின்ன இடத்தில் சோதனையாகச் சுட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்கியிருக்கலாம். அதுவும் செய்யவில்லை.

தொடக்கத்தில் மங்கு சற்று வெளிறியது, அதை நான் மறைக்கவில்லை. சிட்டிங்குகளை நெருக்கி நெருக்கி வைத்தீர்கள். பேக்கேஜ் பாதி தாண்டும்போது கன்னத்தின் மேல்பக்கம் முன்பைவிடக் கறுக்கத் தொடங்கியது. சொன்னபோது, "உள்ளே இருப்பது வெளியே வருகிறது, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அடுத்த சிட்டிங்கிலும் அதே சிகிச்சைதான். இப்போது அந்தக் கருமைக்கு நடுவே பொட்டுப் பொட்டாக வெள்ளைப் புள்ளிகளும் இருக்கின்றன. குறைந்த ஆற்றலில் 1064 நானோமீட்டர் அலைநீள லேசரை அடுத்தடுத்துப் பலமுறை கொடுக்கும்போது இப்படி நிறமிழந்த புள்ளிகள் வரலாம் என்பது மருத்துவ இதழ்களில் பலரும் எழுதிய விஷயம் என்று இப்போது பார்க்கும் மருத்துவர் சொன்னார். நான் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் "லேசான, தற்காலிகமான சிவப்பு" தவிர வேறொன்றும் இல்லை.

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர், எனக்கு எதிர்பார்ப்பு அதிகம், கண்ணாடி அதிகம் பார்க்காதீர்கள் என்று அறிவுரை சொன்னார். இதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். தோற்றத்தில் இல்லாத குறையை, அல்லது மிகச் சிறிய குறையை, பெரிதாகக் கண்டு நொந்துபோகும் மனநோய் ஒன்று உண்டு. அழகு சிகிச்சைக்கு வருபவர்களிடையே அது மற்ற இடங்களைவிடக் கூடுதலாகவே காணப்படுகிறது. சிகிச்சை எவ்வளவு நன்றாக முடிந்தாலும் அவர்களுக்குப் பெரும்பாலும் நிறைவு வருவதில்லை. அதனால்தான் சிகிச்சைக்கு முன்பே சில கேள்விகள் கேட்டு அதைக் கண்டறிய வேண்டும் என்கிறார்கள். நீங்கள் முன்னால் ஒன்றும் கேட்கவில்லை. புகார் வந்த பிறகு மட்டும் அந்தச் சந்தேகம் வருகிறது. என் எதிர்பார்ப்பைப் பொறுத்தவரை, அது நானாக வளர்த்ததல்ல. "மங்கு இருந்த இடமே தெரியாது" என்பது உங்கள் கவுன்சலர் சொன்ன வாக்கியம். முழுசாகப் போகாது, திரும்ப வரலாம், பாதி வெளிறினாலே நல்ல பலன் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால், தொடக்கத்தில் கிடைத்த அந்தச் சிறு மாற்றத்திலேயே நான் மனம் நிறைந்திருப்பேன். அதோடு நிறுத்தியும் இருப்பேன். உங்களுக்கும் உண்மையான ஐந்து ஸ்டார் கிடைத்திருக்கும்.

இப்போது பார்க்கும் மருத்துவர் லேசரை நிறுத்திவிட்டார். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைத் தூண்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, தோல்நிறச் சாயல் கொண்ட சன்ஸ்கிரீனும் ஒரு பூச்சு மருந்தும் கொடுத்திருக்கிறார். பேக்கேஜோடு நீங்கள் விற்ற வெள்ளை சன்ஸ்கிரீனில் இரும்பு ஆக்சைடு கிடையாது, உள்ளடக்கப் பட்டியலைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறை போகும்போதும் அவர் ஒரு தாளில் மங்குக்கு மதிப்பெண் போடுகிறார். 1994-இல் வந்த 'மாசி' என்ற அளவுகோலாம். நெற்றிக்கு 30 சதவீதம், ஒவ்வொரு கன்னத்துக்கும் 30, மோவாய்க்கு 10 என்று முகத்தைப் பிரித்து, எவ்வளவு பரப்பு, எவ்வளவு கருமை, எவ்வளவு சீராகப் பரவியிருக்கிறது என்று பார்த்து, 0 முதல் 48 வரை மதிப்பெண். போன வாரம் முழுக்க இந்தத் தோலால் எனக்கு எவ்வளவு கூச்சம், வேலையில் என்ன தொந்தரவு, வெளியே போவதில் என்ன தயக்கம் என்று 10 கேள்விகள் உள்ள இன்னொரு தாளும் உண்டு. அதுவும் 1994-இல் வந்ததுதான். மொத்தம் 30, கூடினால் பாதிப்பு அதிகம். இரண்டுக்கும் கருவி எதுவும் வேண்டாம். ஒரு தாள், ஒரு பேனா, கொஞ்சம் நேரம் போதும். கிளைதோறும் விலையுயர்ந்த லேசர் வைத்திருக்கும் உங்களுக்கு இந்தத் தாள் கட்டுப்படியாகாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

நீங்கள் அனுப்பிய முன்-பின் படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் படத்தில் ஒளி மேலிருந்து விழுகிறது, தோல் காய்ந்திருக்கிறது, தலை சற்றுக் குனிந்திருக்கிறது. இரண்டாவது படத்தில் வட்ட விளக்கின் வெளிச்சம் நேராக முகத்தில் விழுகிறது. கருவிழிக்குள் அந்த வளையமே தெரிகிறது. அதே நாளில் எடுத்திருந்தாலும் இந்த இரண்டு படங்களில் பலன் தெரிந்திருக்கும்.

அப்புறம், நடுவிலேயே நின்றுபோனவர்கள். நான் வருவதை நிறுத்தியபின் பேக்கேஜைப் புதுப்பிக்கச் சொல்லி அழைப்புகள் வந்தன. ஏன் நிறுத்தினீர்கள், முகம் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. தொடர்ந்து வருபவர்களிடம் மட்டும், வந்த அன்றைக்கே கேட்டு எடுத்த கணக்கில் என்னைப் போன்றவர்கள் எப்படி இருப்போம்? அந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் என் புகாருக்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கு இப்போது உடனடியாக வேண்டியது என் முழு சிகிச்சைப் பதிவு. ஒவ்வொரு சிட்டிங்கிலும் பயன்படுத்திய லேசரின் வகை, அலைநீளம், ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கொடுத்த ஆற்றல், ஒளிப்புள்ளியின் அளவு, எத்தனை முறை முகத்தின்மேல் ஓட்டினார்கள், இயக்கியவர் யார், அன்று பொறுப்பில் இருந்த மருத்துவர் யார் என்பவை அதில் இருக்க வேண்டும். மேற்கொண்டு சிகிச்சை திட்டமிட என் மருத்துவருக்கு இவை தேவைப்படுகின்றன. பதிவே இல்லை என்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள்.

பயன்படுத்தாத சிட்டிங்குகளுக்கான தொகையை முழுவதும் திருப்பித் தர வேண்டும். பாதிப்பு தெரிந்த பின்னும் தொடர்ந்த சிட்டிங்குகளுக்கு நான் கொடுத்த பணத்தையும் திருப்பித் தர வேண்டும். அதற்குப் பதிலாக வேறு சிகிச்சை தருகிறோம், பீல் (ரசாயனப் பூச்சால் மேல்தோலை உரிப்பது) செய்கிறோம் என்று கூப்பிட வேண்டாம். என் ரேட்டிங்குகளை உங்கள் கணக்கிலிருந்து நீக்குங்கள். என் படங்கள் எந்த விளம்பரத்திலும், எந்தக் கிளையின் ஆல்பத்திலும் இருக்கக் கூடாது. கவுன்சலரை விட்டுத் தொலைபேசியில் சமாதானம் பேசாமல், தலைமைத் தோல் மருத்துவரே என் பதிவைப் பார்த்துக் கையெழுத்திட்ட பதிலை அனுப்ப வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடமும் மருத்துவர்களைப் பதிவு செய்யும் அமைப்பிடமும் இதே ஆவணங்களோடு முறையிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் கிளையில் லேசர் சிகிச்சை பெற்றவர்
(பெயரும் பதிவு எண்ணும் உறையின்மேல் உள்ளன)

இணைப்பு: முதல் நாள் படிவத்தின் நகல், ஒப்புதல் படிவத்தின் நகல், பணம் செலுத்திய ரசீதுகள், நீங்கள் அனுப்பிய முன்-பின் படங்கள், தற்போதைய மருத்துவரின் குறிப்பு மற்றும் மதிப்பெண் தாள்கள், உங்கள் மின்னஞ்சலின் நகல்