ஊதினால் தெரியாத மயக்கம்

ஆசிரியருக்கு,

சாலையில் போலீஸார் ஊதச் சொல்லும் கருவிக்கு மது மட்டும்தான் தெரியும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். சரி, அரை பெக்கோடு, பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் அல்பிரசோலம் மாத்திரையும் போட்டவர்? தப்பிவிடுவார். இரண்டுமே மூளையின் வேகத்தைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுபவை. அளவு மீறினால் மூச்சே அடங்கிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு மருந்து மயக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது. அதை நிரூபிக்க ரத்தம் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அந்தக் குப்பியில் சோடியம் ஃபுளோரைடு போட மறந்தால், கிருமிகள் புகுந்து ரத்தத்திலேயே சாராயம் காய்ச்சிவிடக்கூடும்! எங்கள் வீட்டுத் தூக்க மாத்திரை அட்டையில் எச்சரிக்கை எறும்பு எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில். அதையாவது தமிழில் பெரிதாக அச்சிடலாமே.

வாசகர், மதுரை