மகளுக்கு, நீ கேட்டதுக்குப் பதில்

அன்பு மகள்,

நீ போன்ல கேக்கேக்க பக்கத்தில ஆக்கள் நிண்டவை, அதான் கதைய மாத்தினன். பேத்திட பேத்டேல பலூன் வெடிச்ச உடன நான் எழும்பிப் போனதுக்கு கவுன்சிலிங் போங்க எண்டாய்.

2006 ஏப்ரல் 25, கொழும்பில ஆமித் தளபதிக்கு குண்டு வெடிச்ச அண்டு பின்னேரம் எங்கட சம்பூருக்கு குண்டு போடுற கிபிர் பிளேன் வந்திச்சு. நல்ல காலம் நான் படிப்பிச்ச நேசறி மத்தியானமே விட்டாச்சு, நான் மட்டும் இருந்து சுவரில ஒட்டுறதுக்கு மட்டையில மாம்பழம் வெட்டிக்கொண்டு இருந்தன். சத்தத்துக்கு முதல் கதவு தானாத் திறந்திச்சு, பிறகு காது அடைச்சு வாயெல்லாம் சுண்ணாம்பு, கத்திரிக்கோல விடாம உங்கட பள்ளிப் பக்கம் ஓடி, பிறகுதான் நீ அம்மம்மாவோட எண்டு ஞாபகம் வந்திச்சு.

பிறகு இடம்பெயர்ந்து ஈச்சிலம்பற்று, வாகரை, மட்டக்களப்பு, கடைசியா கிளிவெட்டி முகாம். அங்க மரத்துக்குக் கீழ நேசறி தொடங்கினன். பிளேன் பாட்டுக்கு கைய விரிங்க எண்டா பிள்ளையள் எல்லாம் குப்புறப் படுத்திட்டுதுகள், எனக்கு முதல்ல சிரிப்பு, பாத்தா நானும் குனிஞ்சுதான் நிக்கிறன். அந்தப் பாட்ட விட்டிட்டு பஸ் பாட்டுப் படிச்சம். நித்திரை வருதா, பயம் கூடவா கொஞ்சமா எண்டு டிக் போடச் சொல்லி ஒரு ஐயா பேப்பரும் கொண்டு வந்தவர், இடுப்பில ஒரு பிள்ளைய வச்சுக்கொண்டு டிக் போட்டன், பிறகு அவர் வரவே இல்ல!

2015க்குப் பிறகுதான் பிடிச்சு வச்சிருந்த எங்கட ஊர்க் காணிய விட்டாங்கள். நேசறி இருந்த இடத்தில அத்திவாரமும் இல்ல, டோசர் போட்டுத் தள்ளியிருந்திச்சு. இப்ப அந்த மரத்தடிப் பிள்ளையள்தான் தங்கட பிள்ளையளக் கொண்டு வந்து விடுறாளவை. கலைவிழாக்கு பலூன் கட்டுறல்ல, கலர்க் கடதாசிதான். ஒருத்தியும் ஏன் எண்டு கேக்கல்ல. வெளியூரால கலியாணம் முடிச்சு வந்த ஒரு பிள்ளை மட்டும் கேட்டா, மத்தவள் அவட கைய அமத்தி "ரீச்சருக்கு விருப்பமில்ல" எண்டு முடிச்சிட்டாள். எனக்கு அது போதும்போலதான் கிடக்கு.

ஆனா போகமாட்டன் எண்டு சொல்லல்ல. திருகோணமலைக்குப் போய்வர ஒரு நாள் முடிஞ்சிடும், நேசறிய ஆரிட்ட விடுறது, லீவுக்குப் பாப்பம்.

நீயும் அண்டைக்கு ஊரிலதானே இருந்தனி, நாலாம் வகுப்பு. நீ ஆரிட்டயும் கதைச்சனியா மகள்? அத எனக்கு எழுது.

அம்மா