சின்ன வளைகுடாவைப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கடல்னாலே சீறுற அலைதான்னு எல்லாரும் எழுதுறாங்க, ஆனா ரெண்டு பக்கமும் பாறை முனை நீட்டிக்கிட்டு நடுவுல உள்வாங்கிக் கிடக்குற சின்ன வளைகுடாவைப் பத்தி யாரும் எழுதறதே இல்லைங்க. அங்க தண்ணி ஏன் அவ்ளோ சாதுவா இருக்குன்னா, வர்ற அலையோட வேகமெல்லாம் அந்த முனைங்கள்ல போய் மோதுது, உள்ள வர்ற அலை விரிஞ்சு பரவி வலுவிழந்துடுது, அதனாலதான் மணலும் அங்க வந்து தங்குது. தண்ணி வத்துன நேரத்துல குனிஞ்சு பாருங்க, ஈர மணல்ல பொந்தைச் சுத்தி நண்டு உருட்டிப் போட்ட குட்டிக் குட்டி உருண்டைங்க, மிளகு சைஸ்ல, வட்ட வட்டமா! சுமார் 6 மணி நேரத்துல தண்ணி ஏறி அத்தனையும் அழிஞ்சிடும், அடுத்த வத்தத்துல நண்டு மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கும்.

இந்த மாதிரி இடத்துல அழகுக்குன்னு கான்கிரீட் சுவர் கட்டுறது எனக்கு ரொம்ப வேதனையா இருக்கு. சுவர்ல மோதித் திரும்புற அலை முன்னாடி இருக்குற மணலையே அரிச்சிட்டுப் போயிடும், அதோட அந்த நண்டுங்களுக்கும் இடமில்லாம போயிடும். தயவுசெஞ்சு இதைப் பத்தி ஒரு கட்டுரை போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்க வாசகர்