ரிவெர்ப் சேர்க்காதீர்கள்: பழைய சர்ஃப் இசை நாடாக்களை மறுவெளியீடு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

தென் கலிஃபோர்னியாவின் சர்ஃப் இசைக்குழுக்கள் (அலைச்சறுக்கு இளைஞர்களிடையே பிறந்த, மின் கிட்டாரை மையமாகக் கொண்ட இசையை வாசித்தவர்கள்) 1960களின் தொடக்கத்தில் பதிந்த நாடாக்களையும் அசிடேட் தட்டுகளையும் (கேட்டுப் பார்ப்பதற்காக ஒன்றிரண்டு மட்டும் வெட்டப்படும் தட்டுகள்) தேடி எடுத்து, உரிமையாளர்களோடு பேசி, இசைத்தட்டாகக் கொண்டுவரும் உங்களுக்கு இந்த இசையின் ரசிகர்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். அந்த நன்றியோடு ஒரு வேண்டுகோள். கண்டெடுத்த பதிவை, சர்ஃப் இசை என்றதும் இன்று காதில் ஒலிக்கும், ரிவெர்ப் (எதிரொலி போன்ற ஒலி விளைவு) நிறைந்த ஓசைக்கு ஏற்ப மாற்றிவிடாதீர்கள்.

தி பெல்ஏர்ஸ் குழுவையே எடுத்துக்கொள்வோம். லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய சவுத் பே கடற்கரைப் பகுதியைச் சேர்ந்த பள்ளி வயதுப் பையன்கள் 1961-இல் பதிந்த 'மிஸ்டர் மோட்டோ', ஆர்வி நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. ஃபிளமெங்கோ சாயலில் கிட்டார் தொடங்க, பால் ஜான்சனும் எடி பெர்ட்ராண்டும் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்பியபடி செல்ல, ஜிம் ராபர்ட்ஸின் பியானோவும் அதில் தன் பங்குக்குப் பேசுகிறது. கம்பியில் பிளெக்ட்ரம் (மீட்டும் சில்லு) படும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கிறது. ஏனென்றால் அதை மறைக்க ரிவெர்ப் இல்லை. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த, சர்ஃப் கிட்டார் கலைஞர் டிக் டேலின் 'லெட்ஸ் கோ டிரிப்பின்' பாட்டிலும் அது கிடையாது.

ஃபெண்டர் நிறுவனத்தின் ரிவெர்ப் பெட்டி, கிட்டாரின் ஒலியைச் சுருள்கம்பிகள் வழியே அனுப்பி, ஒவ்வொரு சுரத்துக்கும் சொட்டும் எதிரொலி ஒன்றைச் சேர்த்தது. பெர்ட்ராண்டுக்கு அது பிடித்தது, ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை. பெர்ட்ராண்ட் பிரிந்துபோய் எடி அண்ட் தி ஷோமென் குழுவைத் தொடங்கியதற்கு இந்த ரசனை வேறுபாடும் ஒரு காரணம். (என் காது ஜான்சன் பக்கம்தான் சாய்கிறது; அது வேறு விஷயம்.) ஒரு குழுவே பிளவுபடக் காரணமான கேள்விக்கு, அறுபது ஆண்டுகள் கழித்து மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியைச் சீராக்கும் கடைசிக் கட்டம்) மேசையில் அமர்ந்து ஒருவர் விடை எழுதிவிடுவது எப்படி நியாயமாகும்? மோனோ (ஒற்றைத்தட) பதிவைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்குவதையும், இரைச்சலை நீக்குகிறோம் என்று டிரம்ஸின் சிம்பல் தட்டு எழுப்பும் மினுக்கத்தையும் சேர்த்துத் துடைத்தெடுப்பதையும் இதே காரணத்தால்தான் எதிர்க்கிறேன்.

நாடாப் பெட்டியின் மேல் பென்சிலால் எழுதப்பட்ட தேதி, டேக் எண் (எத்தனையாவது பதிவு முயற்சி என்பது), ஒலிப்பதிவுக் கூடத்தின் பெயர் ஆகியவற்றை அப்படியே படமெடுத்து உறையில் அச்சிடுங்கள். சர்ஃப் இசையின் முதல் பதிவு எது என்ற விவாதத்தில் மேற்சொன்ன இரண்டு பாடல்களுக்கும் இடையே சில மாதங்களே இருப்பதால், ஊகித்து எழுதிய ஒரு தேதி வரலாற்றையே புரட்டிவிடும். தேதி தெரியாவிட்டால் தெரியாது என்றே அச்சிடலாம். பாதியில் நின்றுபோன டேக்குகளையும், வாசிப்பதற்கு முன் எண்ணித் தொடங்கும் குரலையும் வெட்டாதீர்கள்.

பழைய நாடாக்களில் பல அசிடேட் அடித்தளம் கொண்டவை; காடி வாடை அடிக்கத் தொடங்கினால் அவை சிதைந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். 1970களிலும் அதற்குப் பின்னும் தயாரான, பிசுபிசுத்துப்போன நாடாக்களை மீட்பதற்கென உள்ள சூடாக்கும் முறையை இவற்றின்மேல் பிரயோகித்தால் மிஞ்சியதும் போய்விடும். ஆகவே எந்தத் திருத்தமும் செய்யாத ஒரு நேர்ப்படியை முதலில் எடுத்து, அதைப் பொது ஒலிக்காப்பகம் ஒன்றில் ஒப்படைத்த பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள். 2008-இல் ஹாலிவுட்டின் யூனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் மூண்ட தீயில் மூல நாடாக்கள் எரிந்துபோனதை நீங்கள் அறிவீர்கள்.

அமெரிக்காவில் 2018-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1957-க்கும் 1972 பிப்ரவரி நடுப்பகுதிக்கும் இடைப்பட்ட ஒலிப்பதிவுகளுக்கான உரிமை 2067 பிப்ரவரி வரை நீடிக்கிறது. அதுவரை உரிமையாளர்களின் இசைவின்றி வேறொருவர் இவற்றைச் சரியான வடிவில் விற்பனைக்குக் கொண்டுவர இயலாது. இனி வரும் தொகுப்புகளில், மெருகேற்றிய வடிவம் விற்பனைக்குத் தேவை என்று கருதினால் அதையும் வெளியிடுங்கள். ஆனால் மூல மோனோ வடிவத்தையும் அதே தொகுப்பில் சேர்த்து, எது எது என்று உறையிலேயே குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிட்டார் இசை ரசிகன்